கட்டு அவிழ்த்த பிறகு தொடங்கும் வைத்தியம்

இராமநாதபுரம் கடற்கரையில் மலை கிடையாது. இராமேசுவரம் தீவில் பர்வதம் என்று பெயர் வாங்கிய கந்தமாதனமே ஒரு மணல் மேடுதான். ஆனால் மேலைநாடுகளில் மலைப்பாதையில் மிதிவண்டி ஓட்டுகிறவர்களுக்கு எந்தக் காயம் அடிக்கடி நேர்கிறதோ, அதே காயம் இந்தச் சமதரையிலும் நேர்கிறது. அங்கே முன்சக்கரம் பாறையிலோ மரவேரிலோ முட்டி நின்றுவிடுகிறது. ஓட்டியவர் கைப்பிடிக்கு மேலாகப் பறந்து தோளில் விழுகிறார். இங்கே அந்த வேலையை மணல் செய்கிறது. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை போகும் சாலையில், காற்று வீசும் நாட்களில் தார் தெரியாத அளவுக்கு மணல் படிந்துவிடும். அதில் சக்கரம் இறங்கியதும் பதறி முன்பிரேக்கைப் பிடித்தால் வண்டி சரியும். உச்சிப்புளி, மண்டபம் பக்கம் சீமைக் கருவேலங்காட்டிலிருந்து திடீரென்று சாலைக்குள் வரும் ஆடுகளும் இப்படிப் பலரைச் சாய்த்திருக்கின்றன. மிதிவண்டியில் வந்த சுற்றுலாப் பயணியானாலும், மீன்கூடையைப் பின்னால் கட்டிய மொபெட்காரரானாலும் விழும் விதம் ஒன்றுதான். தலைக்கவசம் போட்டிருந்தால் தலை தப்பிக்கும். தரையில் மோதுவது தோள்.

விழுந்தவுடன் எல்லோரும் கேட்கும் கேள்வி, எலும்பு முறிந்திருக்கிறதா என்பது. முறிவு என்றால் பயம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் நிம்மதி. எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் சிகிச்சை முடிந்ததாகவே வீட்டார் முடிவு செய்துவிடுகிறார்கள். தோளைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தவறானது. ஒருவருக்கு மறுபடியும் கை முழுதாகப் பயன்படுமா, படாதா என்பது பெரும்பாலும் எலும்பை வைத்து முடிவாவதில்லை. கட்டை அவிழ்த்த பிறகு வரும் இரண்டு மூன்று மாதங்களில் அந்தக் கையை எப்படி அசைக்கிறார், எதைச் செய்யாமல் இருக்கிறார் என்பதே முடிவு செய்கிறது. அந்த மாதங்களுக்குரிய வைத்தியத்தைப் பெருநகர மருத்துவமனை இல்லாமல், தங்கச்சிமடத்து வீட்டுத் திண்ணையிலேயே செய்துகொள்ள முடியும். அதற்கு முன்னால் நடக்க வேண்டிய ஒன்று உண்டு: முதல் வாரத்தில் யாராவது ஒருவர் தோளைச் சரியாகப் பார்த்து, சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

தோள் ஏன் இப்படித் தனி விதமாக நடந்துகொள்கிறது என்பதற்குக் காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோள் மூட்டிலோ கிண்ணம் மிகவும் ஆழம் குறைந்தது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் மூன்றில் ஒரு பங்குகூட எந்த நேரத்திலும் அதற்குள் அடங்குவதில்லை. இதனால்தான் கையை மேலே, பின்னே, குறுக்கே என்று எல்லாத் திசையிலும் நம்மால் சுழற்ற முடிகிறது. இதனாலேயே உடலின் பெரிய மூட்டுகளில் மிக எளிதாக நழுவுவதும் தோளாக இருக்கிறது. உருண்டையைக் கிண்ணத்தின் நடுவில் பிடித்து வைத்திருப்பவை, தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு அதைச் சுற்றிப் பற்றிக்கொள்ளும் நான்கு சிறிய தசைகளும் அவற்றின் நார்களும்தான். தோள்பட்டை எலும்புக்கும் உடலுக்கும் உள்ள எலும்பு இணைப்பு, கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் காறை எலும்பு ஒன்று மட்டுமே. மற்றபடி அந்தப் பெரிய எலும்பு முதுகின் மேல் தசைகளில்தான் மிதக்கிறது. எலும்பால் நிற்கும் மூட்டுக்கு எலும்பு கூடினால் போதும். தசையால் நிற்கும் மூட்டுக்குத் தசை திரும்ப வேண்டும். கட்டிப்போட்ட கையின் தசையோ சில நாட்களிலேயே மெலியத் தொடங்கிவிடுகிறது.

வண்டியிலிருந்து விழுகிறவர்களின் தோளில் பொதுவாக மூன்று விதமான சேதம் நேரும். தோள் முனை நேராகத் தரையில் இடித்தால் காறை எலும்பு முறியும். முறிவுகளில் பெரும்பகுதி அந்த எலும்பின் நடுப்பகுதியில்தான். அதே மோதலில் எலும்பு முறியாமல், காறை எலும்பின் வெளிமுனை தோள்பட்டையோடு சேரும் இடத்தில் உள்ள ஜவ்வு கிழிவதும் உண்டு. அப்போது தோள் முனையில் ஒரு புடைப்பு எழும். கையை நீட்டி ஊன்றி விழுந்தால் உருண்டை கிண்ணத்தை விட்டு நழுவலாம். ஊரில் இதைத் தோள் இறங்கிவிட்டது என்பார்கள். நழுவுவது பெரும்பாலும் முன்பக்கமாகத்தான். பின்பக்கம் நழுவுவது அரிது; மின்சாரம் தாக்கியவர்களிடமும் வலிப்பு வந்தவர்களிடமும் அது காணப்படும். நேராக எடுத்த ஒரே எக்ஸ்ரேயில் அது கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும் என்பதால், அப்படிப்பட்டவர்களுக்கு வேறு கோணத்திலும் படம் எடுத்துப் பார்ப்பது அவசியம். இவை தவிர மேற்கை எலும்பின் மேல்முனை முறிவதும், அந்த நான்கு தசைகளின் நார் கிழிவதும் வயது கூடியவர்களிடம் அதிகம்.

முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியவை சில, செய்யக் கூடாதவை சில. தோளில் கிடக்கும் துண்டையே கழுத்தில் தூளி போலக் கட்டி முழங்கையைத் தாங்கவிடுங்கள். மோதிரமும் வளையலும் கழற்றப்பட வேண்டும். வீக்கம் வந்துவிட்டால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். இறங்கிய தோளை வழியில் நிற்கும் யாரும் இழுத்து ஏற்றக் கூடாது, எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி. உருண்டையின் ஓரத்தில் முறிவு இருக்கும்போது இழுத்தால் சிறிய முறிவு பெரியதாகும். அக்குள் வழியாகப் போகும் நரம்பும் இரத்தக் குழாயும் நசுங்கும். தோளின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போயிருந்தாலோ, விரல்கள் சில்லிட்டு வெளிறியிருந்தாலோ, எலும்பு முனை தோலைக் குத்திக்கொண்டு நின்றாலோ, மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. 108-ஐ அழைத்துவிட வேண்டும். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. எலும்பு உடைந்தால் மதுரைதான் என்று தீவிலிருந்து வண்டி பிடித்த காலத்தின் பழக்கத்தை இனியும் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

இனி அடுத்த கட்டம். தோள் காயத்துக்கு ஓய்வே மருந்து என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கையை எவ்வளவு நாள் கட்டி வைக்கிறோமோ அவ்வளவு உறுதியாகக் கூடும் என்று நினைக்கிறோம். ஸ்வீடனில் ஓவீலியஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் முதல்முறை தோள் நழுவிய இளைஞர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு மூன்று நான்கு வாரங்கள் கை கட்டப்பட்டது. சிலருக்குச் சீக்கிரமே அவிழ்க்கப்பட்டது. மறுபடி நழுவுவதில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசத்தை உண்டாக்கியது வயதுதான்: இருபதை ஒட்டிய வயதில் நழுவியவர்களுக்கு மறுபடி நழுவும் வாய்ப்பு மிக அதிகம். ஆகவே நழுவிய தோளை ஏற்றிய பிறகு ஒன்று முதல் மூன்று வாரம், காறை எலும்பு முறிவுக்கு வலி அடங்கும் வரை சில வாரங்கள் என்ற அளவில்தான் இன்று பெரும்பாலும் கையைக் கட்டி வைக்கிறார்கள்.

தேவைக்கு மேல் கட்டி வைத்தால் வரும் கேடு நம் ஊர்க்காரர்களுக்கு இரட்டிப்பு. அசையாத தோளின் உறை சுருங்கி இறுகிவிடும் நிலைக்குத் தோள்பட்டை இறுக்கம் என்று பெயர். அது வந்துவிட்டால் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள்கூட இழுக்கும். தலை சீவவும் முதுகுப்பக்கம் கை கொண்டுபோகவும் முடியாது. இரவில் அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் வலி எழுப்பிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்து 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு, வயதுவந்தோரில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. தோளில் அடிபட்டு நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் வந்தால் எக்ஸ்ரேயோடு சர்க்கரை அளவையும் பார்த்துவிடுவது நல்லது. செலவு சொற்பம், அதனால் தப்பிக்கும் ஆண்டுகள் பல.

அப்படியானால் வீட்டில் செய்ய வேண்டியது என்ன? கை கட்டில் இருக்கும் முதல் நாளிலிருந்தே விரல்களை மூடித் திறப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது, கட்டைக் கழற்றும் வேளைகளில் முழங்கையை மடக்கி நீட்டுவது ஆகியவை தொடங்க வேண்டும். இவை தோளைத் தொந்தரவு செய்யாது. ஆனால் கை முழுவதும் விறைத்துப்போகாமல் காக்கும். வலி சற்று அடங்கி மருத்துவர் அனுமதித்ததும், நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, அடிபட்ட கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் காட்மன் தோளைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் எழுதி 1934-இல் வெளியிட்டார். அவர் பெயரால் வழங்கும் இந்தப் பயிற்சி இன்றும் உலகெங்கும் முதல் பாடமாக இருக்கிறது. பிறகு மல்லாந்து படுத்து, ஒரு கம்பை இரு கையாலும் பிடித்து, நல்ல கையின் பலத்தால் மற்றதைத் தலைக்கு மேல் கொண்டுபோவது. சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுவது. நேற்று எட்டிய இடத்தில் ஒரு கரிக்கோடு போட்டுவைத்தால் இன்று எவ்வளவு கூடியது என்று தெரியும். வீட்டுக் கிணற்றில் கப்பி இருந்தால் அதைவிட நல்ல கருவி வேண்டியதில்லை: கயிற்றின் ஒரு நுனியை நல்ல கை இழுக்க, மறு நுனியைப் பிடித்த கை தானாக உயரும்.

கை தானாக உயரத் தொடங்கிய பிறகுதான் பலம் கூட்டும் கட்டம். பெரும்பாலான காயங்களில் இது ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கதவில் கட்டிய ரப்பர் பட்டையை உள்ளுக்கும் வெளிக்கும் இழுப்பது, கையைச் சுவரில் அழுத்துவது, தோள்பட்டைகளைப் பின்னோக்கிச் சேர்ப்பது போன்றவை உருண்டையைப் பிடிக்கும் அந்த நான்கு தசைகளுக்கும் முதுகுத் தசைகளுக்கும் ஆனவை. ஒவ்வொரு பயிற்சியிலும் கொஞ்சம் வலி இருக்கும். அது அரைமணி நேரத்தில் அடங்கினால் சரியான அளவில் செய்கிறீர்கள் என்று பொருள். இரவு முழுக்க நீடித்தால் அளவு மிஞ்சிவிட்டது. மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும். விட்டுவிடக் கூடாது. முன்பக்கம் நழுவிய தோளுக்குக் குறைந்தது ஆறு வாரம் விலக்கான நிலை ஒன்று உண்டு: கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி, முன்னங்கையைப் பின்னால் சாய்ப்பது. வீச்சு வலையை எறியக் கையை ஓங்குகிறோமே, அதே நிலை. பனை ஏறுகிறவர் மேலே கைபோடுவதும் கிட்டத்தட்ட அதுதான். மண்டபத்திலும் சாயல்குடியிலும் உள்ள மருத்துவர்கள் நோயாளியிடம் இந்த உதாரணத்தையே சொல்லிவிட்டால், எந்தப் படமும் காட்டத் தேவையிருக்காது.

இதற்கு எதிராக எழும் முதல் கேள்வி நியாயமானது. பிசியோதெரபி நிபுணரிடம் வாரத்துக்கு மூன்று நாள் போனால்தானே இதெல்லாம் சரியாக நடக்கும்? பாம்பனிலிருந்தோ தொண்டியிலிருந்தோ யாரால் அப்படிப் போய்வர முடியும்? இதற்கு நல்ல விடை பிரிட்டனிலிருந்து கிடைத்திருக்கிறது. முதல்முறை தோள் நழுவிய 482 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நிபுணரிடம் ஒரே ஒரு சந்திப்பு: காயத்தை விளக்கி, வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொடுத்து, எழுத்திலும் கொடுத்து அனுப்பினார்கள். தேவைப்பட்டால் திரும்பி வரலாம். மற்றப் பிரிவுக்கு இதோடு தொடர் பிசியோதெரபியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினரின் கையும் ஒரே அளவில் தேறியிருந்தது. 2024-இல் வந்த இந்த ஆய்வுக்கு முன்பே, 2021-இல், தோள் தசைநார்க் கோளாறு உள்ள 708 பேரிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்வும் இதையே சொன்னது: ஆறு முறை வரை வரவழைத்துச் செய்யவைத்த பயிற்சி, ஒரு தடவை நன்றாகச் சொல்லிக்கொடுத்ததைவிட மேலாக இல்லை. ஸ்டீராய்டு ஊசியும் ஓராண்டு முடிவில் கூடுதல் பலன் தரவில்லை.

இந்த ஆய்வுகளைப் பிசியோதெரபி வீண் என்று படித்தால் அது பெரும் பிழை. இரண்டு பிரிவுமே பயிற்சி பெற்ற நிபுணரைச் சந்தித்தவர்கள்தான். கையில் எழுத்துக் குறிப்போடு வீட்டுக்குப் போனவர்கள்தான். நம் கடற்கரையில் குறைவது அந்த முதல் சந்திப்பு. எக்ஸ்ரே, மாத்திரை, கழுத்தில் ஒரு பட்டை, மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்ற ஒரு வரி ஆகியவற்றோடு நோயாளி வெளியே வருகிறார். மூன்று வாரம் கழித்து வலி குறைந்திருந்தால் அவர் வருவதே இல்லை. ஐம்பது கிலோமீட்டர் பேருந்துப் பயணத்தை மிச்சப்படுத்த எந்தக் குடும்பமும் நினைக்கும். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை, அந்த ஒரே சந்திப்பில் அரைமணி நேரம் ஒதுக்கி எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்காததில் இருக்கிறது.

அடுத்த எதிர்வாதம் அறுவைச் சிகிச்சையை முன்வைக்கிறது. பிளேட் வைத்து இறுக்கிவிட்டால் மறுநாளே வண்டி ஓட்டலாம் என்று இளைஞர்கள் சொல்வதற்கு ஆதாரமும் காட்டுவார்கள். ஸ்பெயின் நாட்டு மோட்டார்சைக்கிள் பந்தய வீரர் ஹோர்கே லொரன்சோ 2013 ஜூனில் நெதர்லாந்தின் அசன் பந்தயத் தடத்தில் ஒரு வியாழக்கிழமை விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். அன்றிரவே பார்சிலோனாவுக்குப் பறந்து பிளேட் பொருத்திக்கொண்டு, சனிக்கிழமைப் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். உலகமே வியந்தது. அந்தக் கதையின் மறுபாதியை யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. இரண்டு வாரம் கழித்து ஜெர்மனியில் பயிற்சி ஓட்டத்தில் மறுபடி விழுந்தார், பிளேட் வளைந்தது, இரண்டாவது அறுவை நடந்தது, அந்தப் பந்தயம் போயிற்று. எலும்பை உலோகம் பிடித்திருந்ததே தவிர, எலும்பு தானாகக் கூடியிருக்கவில்லை.

பிளேட்டைத் தள்ளிவிடவும் முடியாது. கனடாவில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், நன்றாக விலகி முறிந்த காறை எலும்புக்கு அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சராசரியாக 16.4 வாரத்தில் எலும்பு கூடியது, செய்யாதவர்களுக்கு 28.4 வாரம் ஆனது. அறுவை செய்த 62 பேரில் இருவருக்கும், செய்யாத 49 பேரில் ஏழு பேருக்கும் எலும்பு கூடவே இல்லை. பிறகு இத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, ஓராண்டுக்கு மேல் பார்த்தால் கையின் பயன்பாட்டிலும் வலியிலும் அறுவையால் கூடுதல் நன்மை இருப்பதாகத் தெரியவில்லை என்றது. ஆனால் கையிலுள்ள சான்றுகளின் தரம் குறைவு என்பதையும் சேர்த்துச் சொன்னது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் என் முடிவு இது: முனைகள் வெகுவாக விலகிய முறிவு, தோலைக் குத்தும் முறிவு, சீக்கிரம் கடலுக்குப் போயே தீர வேண்டிய வாலிபர் என்றால் பிளேட்டைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். மற்றவர்கள் கடன் வாங்கி அவசரப்பட வேண்டாம். பிளேட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பின்னால் வரும் மூன்று மாதப் பயிற்சியிலிருந்து விடுதலை இல்லை.

மூன்றாவது குரல் நாட்டுவைத்தியத்தினுடையது. புத்தூர் கட்டு என்ற பலகை இல்லாத நெடுஞ்சாலை தமிழ்நாட்டில் அரிது. அங்கே போய்க் குணமானவர்கள் ஏராளம் என்பதும் உண்மை. காறை எலும்பு, முறிந்தால் எந்தக் கட்டும் இல்லாமலே பெரும்பாலோருக்குக் கூடிவிடும் எலும்பு. ஒரு புடைப்பு மிஞ்சும், கை வேலை செய்யும். ஆகவே கட்டுப் போட்டவருக்கும் புகழ் சேர்கிறது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. படம் எடுக்காமல், நழுவிய தோளை முறிவு என்று நினைத்து எண்ணெய் தடவிக் கட்டிவிட்டால், மூன்று வாரத்துக்குப் பிறகு அதை அறுவை இல்லாமல் உள்ளே ஏற்றுவது மிகவும் கடினம். அதன் பிறகு அந்தக் கை பழைய கையாக ஆவது அரிது. நாட்டுவைத்தியரிடம் நம்பிக்கை உள்ளவர்களிடம் அந்த நம்பிக்கையைப் பிடுங்க நான் விரும்பவில்லை. அதற்கு முன் ஓர் எக்ஸ்ரே எடுத்து, முறிவா நழுவலா என்று தெரிந்துகொண்டு போங்கள். நழுவல் என்றால் போகவே வேண்டாம்.

எல்லா எதிர்வாதங்களிலும் கனமானது வயிற்றுப்பாடு. இந்தக் கடற்கரையின் தொழில்கள் அனைத்துமே தோளால் நடப்பவை. கரைவலை இழுப்பது, நங்கூரக் கயிற்றை ஏற்றுவது, நாட்டுப்படகின் இயந்திரத்தைக் கயிறு இழுத்துக் கிளப்புவது, பாம்பன் சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் பாறையிடுக்கில் முக்குளித்து மரிக்கொழுந்துப் பாசி பறிப்பது, மண்டபம் கரையோரம் மூங்கில் மிதவையில் பாசிக்கயிறு கட்டுவது, பனையேற்றம் என எதை எடுத்தாலும் கை தோளுக்கு மேலே போக வேண்டும் அல்லது பாரத்தை இழுக்க வேண்டும். மூன்று மாதம் வேலையை விடு என்றால் அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள்? இந்தக் கேள்விக்கு மருத்துவம் மட்டும் விடை சொல்ல முடியாது. ஆனால் வேலையை முழுதாக விடு, முழுதாகச் செய் என்ற இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. இடுப்பு உயரத்தில் இரு கையாலும் செய்யும் வேலைகளான வலை பின்னுவது, மீன் தரம் பிரிப்பது, கணக்குப் பார்ப்பது ஆகியவற்றைச் சில வாரங்களிலேயே தொடங்கலாம். அசைவு முழுதாகத் திரும்பிய பிறகு லேசான இழுவை. மூன்று மாதம் கழித்து, இரு கையின் பலமும் ஏறக்குறைய சமமான பிறகு தலைக்கு மேல் பாரம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடல் வளத்துக்கு 61 நாள் ஓய்வு வேண்டும் என்பதை இந்த ஊர் ஏற்றுக்கொண்டு வாழப் பழகியிருக்கிறது. அடிபட்ட ஒரு படகாளிக்கு அதே அளவு காலம் இலகுவான வேலை கொடுத்து, பங்கில் ஒரு பகுதியையாவது கொடுக்கப் படகு உரிமையாளர்களாலும் சங்கங்களாலும் முடியாதது அல்ல. அரைகுறையாகத் தேறி ஏறியவர் ஆறாவது மாதத்தில் நிரந்தரமாகக் கரையில் உட்கார்ந்தால் படகுக்கும் அது நட்டம்தான்.

பயிற்சியால் எல்லாம் தீரும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாற்பது வயதைத் தாண்டியவர் தோள் நழுவி ஏற்றிய பிறகு, இரண்டு வாரம் ஆகியும் கையைத் தானாகத் தூக்க முடியவில்லை என்றால் தசைநார் முழுதாகக் கிழிந்திருக்கலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலேயே அது தெரியும். அதைத் தைக்க வேண்டுமானால் முதல் சில மாதங்களில் தைக்க வேண்டும். தாமதித்தால் தசை சுருங்கிக் கொழுப்பாக மாறி, தைத்தாலும் பிடிக்காது. இருபது வயதுக்காரர் ஒருவருக்கு இரண்டாம் முறையும் தோள் நழுவினால், கிண்ணத்தின் ஓரத்தில் கிழிந்த பகுதியைச் சரிசெய்யும் அறுவையைத் தள்ளிப்போடுவதில் பயனில்லை. மூன்று மாதம் கடந்தும் காறை எலும்பு முறிந்த இடத்தில் அசைவும் வலியும் இருந்தாலும் மறுபடி படம் எடுக்க வேண்டும். வீட்டில் பயிற்சி செய்கிறவருக்கு இந்த மூன்று எச்சரிக்கைகளும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அவர் நல்ல எண்ணத்தோடு தப்பான கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

வழி இருக்கிறது, அதற்கான அமைப்பும் ஓரளவு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சென்று பிசியோதெரபி அளிப்பதும் ஒரு பகுதி. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுவரும் அதே அமைப்பு, தோள் முறிந்தவரை மூன்றாவது வாரமும் ஆறாவது வாரமும் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். எலும்பு முறிவுப் பிரிவில் இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கலாம்: உங்களுக்கு நேர்ந்த காயம் இது, இந்த வாரம் இதைச் செய்யுங்கள், இந்த அசைவைச் செய்யாதீர்கள், இப்படி இருந்தால் உடனே வாருங்கள். வீச்சு வலையும் கப்பியும் பனையும் அந்தத் தாளில் இடம்பெறட்டும். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. அந்தத் தாள் வரும் வரை, தோளில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் மாத்திரைச் சீட்டை வாங்கியதும் எழுந்துவிடாதீர்கள். எப்போது கட்டை அவிழ்ப்பது, எந்தப் பயிற்சியை எந்த வாரம் தொடங்குவது, எப்போது பாரம் தூக்குவது என்று மூன்றையும் கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.